சுமைதாங்கிக்கு வேலி

ஆறுமுகநயினார் பிள்ளை வாயால் சொன்ன பொய்களைக் கணக்கு வைக்க அவராலேயே முடியாது. தலைவலி என்று வேலை பார்க்கிற கச்சேரியில், பசியில்லை என்று வீட்டில், நாளைக்கு வருகிறேன் என்று மாமனாரிடம். மனுஷனாகப் பிறந்தவன் சொல்லித் தீரவேண்டிய அளவுக்கு அவரும் சொல்லியிருக்கிறார். எழுத்தில் சொன்னது ஒன்றே ஒன்று. அதுவும் ஒரே வார்த்தை. கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினொன்று, மகர மாசம். இங்கிலீஷ் கணக்கில் முப்பத்தாறாம் வருஷத் தொடக்கம். மத்தியானம் உள்ளித் தீயலும் சோறும் உண்ட கிறக்கத்தில், பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, நிப்பை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டி எழுதினார்: இல்லை.

திருவனந்தபுரத்தில் அவர் வேலை பார்த்த ஆபீசுக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. சாலைக் கடைத்தெருவில் யாரும் அதைச் சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்வதில்லை. கல்லுக் கச்சேரி என்றால் வண்டிக்காரனுக்கும் தெரியும். ராஜ்யத்தில் எங்கெங்கே பழங்கோயில், குகை, எழுத்து வெட்டின கல், வயசான மரங்கள் அடைந்த காவு இருக்கிறதோ, அதையெல்லாம் தேடிப் பிடித்துப் பட்டியலில் சேர்த்து, சர்க்கார் பாதுகாப்பில் உள்ளது, தொட்டால் தண்டனை என்று பலகை நட்டுக் காப்பது அந்தக் கச்சேரியின் தொழில்.

நயினாருக்கு அங்கே மைப்படி எடுக்கிற உத்தியோகம். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக்காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்கி, மேலே மையை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் எழும்பும். பதினாறு வருஷம் இதைச் செய்ததில் வெள்ளை முழுக்கக் காகிதத்துக்கும் கறுப்பு முழுக்கத் தனக்கும் போய்விட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நாஞ்சில்நாட்டில் தாழக்குடிப் பக்கம் ஊர். கரமனையில் வாடகை வீடு. வீட்டில் அவரும் பெண்டாட்டி சிவகாமியம்மாளும் மட்டும். பிள்ளை இல்லை.

அந்த வருஷம் பட்டியலில் பதினோரு இடம் சேர்ந்திருந்தது. சூப்பிரண்டு சுந்தரராமனுக்கு அது உறுத்தியது. ஸ்ரீவராகத்துக்காரர், இலையில் ஊறுகாய் இடம் மாறினாலே சாப்பிட முடியாதவர்.

"ஓய் நயினார், பதினொண்ணுன்னா என்னமோ பாதியிலே எழுந்து போன மாதிரி இருக்கு. ஒரு டஜனாக் கொண்டுபோய் மேலே வச்சா நன்னா இருக்குமோன்னோ. உம்ம கண்ணிலே ஒண்ணும் தட்டுப்படலையா?"

"ஒரு கல்லு உண்டு சார். பாப்பனங்கோடு தாண்டி, நேமத்து ரோட்டுல. வட்டெழுத்து மாதிரி தெரியுது."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

இத்தனை நாள் அது கல்லாக நயினாருக்குத் தோன்றியதே இல்லை. அது சுமைதாங்கி. ஆள் கழுத்து உயரத்துக்கு இரண்டு கருங்கல் தூண், குறுக்கே ஒரு பலகைக்கல். பாலராமபுரத்திலிருந்தும் அதற்கும் தெற்கேயிருந்தும் சாலைச் சந்தைக்குத் தலைச்சுமையாக மரச்சீனிக் கிழங்கும் முடைந்த ஓலையும் மண்பானையும் கொண்டு வருகிற பெண்பிள்ளைகள் விடியக்காலம் அங்கே வந்து நிற்பார்கள். கல்லோடு சேர்ந்து நின்று தலையை ஒரு சாய்ப்புச் சாய்த்தால் கட்டு தானாகக் கல்லுக்குப் போய்விடும். சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்து, வெற்றிலை போட்டு, கொஞ்சம் ஊர்வம்பு பேசி, திரும்பக் குனிந்து தலையைக் கொடுத்தால் கட்டு தலைக்கு வந்துவிடும். இறக்கவும் ஏற்றவும் இன்னொரு ஆள் வேண்டாம். அவ்வளவுதான் அந்தக் கல்லின் மகிமை. சுமக்காதவனுக்கு அது கண்ணில் படாது.

நயினார் காகிதமும் மையும் வாளியுமாகப் போய் இறங்கிய அன்று விடிந்ததுமே நல்ல வெயில். காற்றும் உண்டு. பலகைக்கல்லின் அடிவிளிம்பில் எழுத்து இருந்தது. கழுவித் துடைத்துக் காகிதத்தை ஒட்டும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"ஏமானே, கொஞ்சம் மாறி நின்னா நாங்க கெட்டை எறக்கலாம்."

பொன்னம்மை. வியாழக்கிழமைதோறும் கரமனை வீட்டுக்குக் கிழங்கு கொண்டுவருகிறவள்தான்.

"இன்னைக்கு ஒரு நாளு அந்தப் பக்கமா எறக்கிக்கோ. கல்லு ஈரமா இருக்கு பாத்துக்கோ."

"அந்தப் பக்கம்னா எங்க, தரையிலயா? தரையில எறக்கினா பெறவு தூக்கி வச்சுவிட ஏமான் வருவியளா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நயினாரும் சிரித்தார். அவள் சும்மா நிற்கவில்லை. கல்லின் மறுகோடியில், காகிதத்தில் படாமல் கட்டை இறக்கிவிட்டு வந்து, பறக்கப் பார்த்த காகிதத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டாள். வாளித் தண்ணீர் தீர்ந்தபோது, வழிக்கு என்று கொண்டுவந்த தன் குடுவைத் தண்ணீரையும் ஊற்றினாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"நங்கைன்னு ஒரு பேரு தெரியுது. மத்தது தேஞ்சு போச்சு."

"பிள்ளத்தாச்சியாட்டுச் செத்திருப்பா. வயித்துப் பிள்ளையோட போனவளுக்குப் பாரம் எறங்காதுல்லா. அதுக்குத்தானே கல்லு போடுகது. நாங்க எறக்க எறக்க அவளுக்கும் எறங்கும்." காகிதத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள். "இங்க கெட்டு வைக்கும்பம் நான் ஒரு வார்த்தை சொல்லிக்கிடுவேன். உனக்கும் எனக்கும் சேத்துட்டீ, அப்படீன்னு."

நயினார் மையை ஒற்றினார். இந்த வழக்கம் அவருக்குத் தெரியாதது இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய முதல் பெண்டாட்டி முத்தாரம்மாள் எட்டு மாச வயிற்றோடு காய்ச்சலில் போனாள். சுடுகாட்டிலிருந்து திரும்பின அன்றைக்கே, அவளுக்கு ஒரு சுமைதாங்கி போட்டுவிடுகிறேன் என்று மாமனார் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். மறுவருஷம் அவள் தங்கச்சி சிவகாமியைக் கட்டிவைத்தார்கள். அந்த வருஷம் மழை சரியில்லை. அடுத்த வருஷம் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தது. அதற்கடுத்த வருஷம் என்ன காரணம் என்பது இப்போது அவருக்கே மறந்துபோயிற்று. மாமனாரும் காலமானார். பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை. கல்லுக் கச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டு ஒரு கல் போட முடியாத மனுஷன் ராஜ்யத்தில் தான் ஒருவன்தான் இருப்பான் என்று சில நாள் நினைத்துக்கொள்வார். நினைத்ததும் பசிக்கும். போய்ச் சாப்பிடுவார்.

பட்டியலில் ஓர் இடத்தைச் சேர்க்க ஒரு அச்சுப் பாரம் எழுதவேண்டும். அதில் ஒன்பது கட்டம். ஏழாவது கட்டம்: தற்போது ஜனங்களின் உபயோகத்தில் உண்டா? உண்டு என்றால் பாரம் ரோட்டு ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து தாலூக்காவுக்கு, அங்கிருந்து யாரோ ஒருவர் லீவிலிருந்து திரும்பும்வரை அவர் மேஜைக்கு. இரண்டு வருஷம். இல்லை என்றால் நேரே சூப்பிரண்டு கையெழுத்து. சுந்தரராமனின் டஜன் மீன மாசத்துக்குள் நிறையவேண்டும்.

தண்ணீர் ஊற்றிய கையை நயினார் மறக்கவில்லை. அந்த நேரத்தில் ஞாபகப்படுத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மீனம் பிறந்து உத்தரவு வந்தது. கல்கொத்தன் வேதமாணிக்கம் நாலு கருங்கல் குற்றியை ஊன்றி, மேலே ஐந்து வரிசை முள்ளுக்கம்பி இழுத்தான். வேலிக்கு அளவு காட்டிச் சுண்ணாம்புக் கோடு போட நயினாரே போகவேண்டியிருந்தது. சுமைக்காரிகள் வந்துபோன பிறகு, வெயில் ஏறிப் போனார்.

"பிள்ளைவாள், கம்பிக்கு ஒரு வாசல் விடண்டாமா?"

"எதுக்குவே?"

"பொம்பளைக கெட்டு எறக்கதுக்கு."

"எறக்கப்பிடாதுன்னுதானே கம்பி."

வேதமாணிக்கம் தலைத்துண்டை அவிழ்த்து ஒரு தடவை உதறி, திரும்பக் கட்டிக்கொண்டான். "நல்லாருக்கு," என்றான். அதில் நல்லது எதுவும் இருந்ததாக நயினாருக்குத் தோன்றவில்லை.

ஆண்டறிக்கையில் பன்னிரண்டாவதாக அந்தக் கல் அச்சானது. சுந்தரராமன் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து நீட்டினார். அது கச்சேரியில் எல்லாருக்கும் கிடைக்கிற மரியாதை இல்லை.

எடவப்பாதி மழை அந்த வருஷம் நாள் தப்பாமல் பிடித்துக்கொண்டது. கரமனையாறு கலங்கி ஓடியது. இரண்டு வியாழக்கிழமை பொன்னம்மை வரவில்லை. மூன்றாவது வியாழக்கிழமை காலை, நயினார் கஞ்சியும் பயறும் காணத்துவையலுமாக உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. கிழங்குக்கட்டு அவள் தங்கச்சி சரோஜத்தின் தலையில் இருந்தது. பொன்னம்மை கைவீசிக்கொண்டு வந்திருந்தாள். கழுத்தில் எண்ணெய்த்துணி சுற்றி, தலை இடதுபக்கமாகச் சாய்ந்து நின்றது. ஏதோ ரகசியம் கேட்கிறவள் மாதிரி.

"என்னட்டீ இது கோலம்?" என்றாள் சிவகாமியம்மாள்.

"விழுந்துட்டேன் அம்மை. அந்தக் கல்லுக்கிட்ட. மழைன்னா அப்படியொரு மழை. கெட்டு நனைஞ்சு ரெட்டிப் பாரம். கூட வந்தவளுக முந்திப் போயாச்சு. கல்லுக்குத்தான் கம்பி போட்டாச்சே. ஒத்தையில தரையில எறக்கப் பாத்தேன். கெட்டு ஒருபக்கமாச் சரிஞ்சு, கழுத்துக்குள்ள டக்குன்னு ஒரு சத்தம்."

"வைத்தியருட்ட போனியா?"

"போயாச்சு. தடவியாச்சு. இனி தலையில சொமை வைக்கப்பிடாதாம். சொமை வைக்காத தலைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய, பேன் பாக்கவா?" அவள் சிரிக்கப் பார்த்தாள், கழுத்து விடவில்லை. பிறகு நயினாரைப் பார்த்தாள். தலை சாய்ந்திருந்ததால் கண்ணைத் திருப்பித்தான் பார்க்க முடிந்தது. "ஏமானும் அந்தக் கச்சேரியிலதானே. யாரோ ஒரு பெரிய ஆப்பீசரு எழுதி வச்சுட்டாரு. ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

"பாக்கேன்," என்றார் நயினார். வாயில் பயறு இருந்தது.

சிவகாமியம்மாள் கிழங்கை வாங்கி, உள்ளே போய், நிறைய நேரம் கழித்து ஒரு பொட்டலத்தோடு வந்தாள். உடம்பு தேற உளுந்தும் கருப்பட்டியும். அவர்கள் போன பிறகு நடுவீட்டில் வந்து நின்றாள்.

"கஞ்சி ஆறுகே."

"பசியில்ல."

"பசியில்லன்னு நீங்க சொன்னா என்னமோ செஞ்சிருக்கியன்னு அர்த்தம். யாரு அந்தப் பெரிய ஆப்பீசரு?"

நயினார் துவையலை விரலால் ஒருபக்கம் ஒதுக்கினார். மறுபக்கம் ஒதுக்கினார். பிறகு ஏழாவது கட்டத்தைப் பற்றிச் சொன்னார். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரு வார்த்தைதானே.

சிவகாமியம்மாள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எங்கக்காளுக்கு ஒரு கல்லு போடுகேன்னு எங்கப்பா கையில அடிச்சுச் சொன்னிய. போடல்ல. நானும் கேக்கல்ல. அக்கா இருந்த எடத்துல வந்து உக்காந்துக்கிட்டு நான் என்ன வாயி வச்சுக் கேக்க. இப்பம் எவளோ ஒருத்திக்கு எவனோ பொறுப்பா போட்ட கல்லையும் கம்பி வச்சு அடைச்சாச்சு. ரெண்டு பேரும் இனி சொமந்துக்கிட்டே நிக்கட்டும்."

கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே சுந்தரராமனிடம் போய்ச் சொன்னார். முழுதும் சொல்லவில்லை. உபயோகம் கொஞ்சம் இருக்கும்போலத் தெரிகிறது என்று மென்று விழுங்கினார். சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இருக்கும்போலவா, இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்போ நீர் எழுதினது பொய். அதிலே நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். கெஜட்டிலே வந்தாச்சு. பொய்யுன்னு எழுதிக் கொடும், மேலே அனுப்பறேன். உமக்கு உத்தியோகம் இருக்குமா, எனக்குத் தெரியாது. ஆத்துக்குப் போய் யோசியும் ஓய். நாம கல்லுக்குக் காவல். கிழங்குக்கு இல்லை."

நயினார் யோசித்தார். யோசிப்பது என்பது பயப்படுவதற்குக் கச்சேரியில் வைத்திருக்கிற கௌரவமான பெயர். மறுநாள் விடிவதற்குள் குடையை எடுத்துக்கொண்டு பாப்பனங்கோட்டுக்கு நடந்து, வேலி ஓரத்தில் நின்றார். வந்த முதல் பெண்பிள்ளையிடம், "எறக்கணுமா? நான் பிடிக்கேன்," என்றார்.

அவள் பயந்துபோய் ரோட்டின் மறுபக்கமாக நடையைக் கட்டினாள். கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு சர்க்கார் ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பயம் வராது. இரண்டாவது வந்தவள் தைரியக்காரி, விட்டாள். ஓலைக்கட்டு நயினாரின் நெஞ்சில் வந்து மோதி, தலைப்பாகை ஓடைக்குள் போயிற்று. மூன்று நாளில் ஒன்பது கட்டு இறக்கினார், ஏழு கட்டு ஏற்றினார். மற்ற இரண்டையும் பெண்கள் பரிதாபப்பட்டுத் தாங்களே ஒருவருக்கொருவர் ஏற்றிக்கொண்டார்கள். நாலாம் நாள் இடுப்புப் பிடித்து, பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. நங்கையின் கல் நானூறு வருஷம் நின்றிருக்கும். நயினார் நின்றது மூன்று நாள்.

சிவகாமியம்மாள் உளுந்து வறுத்து, கொழுக்கட்டை மாதிரிக் கிழிகட்டி, இடுப்பில் ஒற்றடம் கொடுத்தாள். அந்தச் சூடு ஆறுகிற நேரத்தில் சொன்னார்: "வேதமாணிக்கத்தை வரச்சொல்லணும்."

"வேலிய எடுக்கவா?"

"அது என் கையில இல்ல. உங்கக்காளுக்குக் கல்லு போட."

அவள் கிழியைத் திரும்பச் சட்டியில் சூடு காட்டினாள். பிறகு ஒற்றடம் தொடர்ந்தது, கொஞ்சம் அழுத்தமாக.

கர்க்கடகம் முழுக்க மழை. கல் வெட்ட வெயில் கிடைக்கவில்லை. சிங்க மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலிக்கு நேர் எதிரே, ரோட்டின் மறுபுறத்தில் புதுச் சுமைதாங்கி நின்றது. உளிபட்ட இடமெல்லாம் இன்னும் வெள்ளையாக மின்னியது. பலகைக்கல்லின் முகப்பில் முத்தாரம்மாள் என்று பெயர். முதல் சுமை, செத்தவளின் வீட்டுப் பெண் ஒருத்தி வைக்கவேண்டும். பிறந்ததிலிருந்து தலையில் பூவைத் தவிர வேறு சுமந்திராத சிவகாமியம்மாள், ஒரு கடகம் நெல்லைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பத்தடி தூரம்தான். கழுத்து ஆடியது, கால் பின்னியது. பிடிக்க வந்த நயினாரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் பின்வாங்கினார். கல்லோடு ஒட்டி நின்று தலையைச் சாய்த்தாள். கடகம் கல்லுக்குப் போயிற்று. நெல் கொஞ்சம் சிந்தியது.

"எக்கா, பதினெட்டு வருசம்," என்றாள்.

அன்றே பெண்கள் இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். சரோஜத்தின் கட்டும் அங்கேதான் இறங்கியது. நயினாருக்குக் கொஞ்சம் நெஞ்சு லேசாயிற்று. பதினோரு நாள் லேசாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ரோட்டு ஓவர்சியரிடமிருந்து ஒரு கடிதம் கச்சேரிக்கு வந்தது. பாதுகாப்பில் உள்ள புராதனச் சின்னத்துக்கு எதிரே அனுமதியில்லாமல் ஒரு புதுக் கல் முளைத்திருக்கிறது, நடவடிக்கை எடுக்கவும். சுந்தரராமன் கடிதத்தைப் படித்தார், அதில் கல் நட்டவரின் பெயரைப் படித்தார், நயினாரைப் பார்த்தார். இரண்டு மாசமாக அவரிடம் காட்டாத சாந்தமான குரலில், "போய் மைப்படி எடுத்துண்டு, பாரம் எழுதிண்டு வாரும்," என்றார். "அந்தப் பழைய கல்லோட பாரத்தையும் கையிலே எடுத்துண்டு போம்." அதைச் சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் காகிதம், மை, வாளி. மறுபடியும் காற்று. செத்த பெண்டாட்டியின் பெயர்மேல் ஈரக்காகிதத்தை ஒட்டி நயினார் பிரஷ்ஷால் அடித்தார். இத்தனை வருஷம் எத்தனையோ பேருடைய எழுத்தை இப்படி அடித்திருக்கிறார். கை இன்றைக்குத்தான் கூசியது. காகிதத்தின் மூலை எழும்பிப் படபடத்தது. ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது.

பொன்னம்மை. சரோஜம் கட்டை இறக்கிவிட்டு அப்பால் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பொன்னம்மையின் கழுத்து அப்படியேதான் இருந்தது. இனி அது நிமிராது என்று வைத்தியர் சொல்லியாயிற்று.

நயினார் மையை ஒற்றவில்லை.

"பொன்னம்மை, அந்தக் கம்பி. அதை எழுதினது நாந்தான். யாரும் உபயோகிக்கல்லன்னு எழுதினேன். நீ தண்ணி ஊத்தினதுக்கு மறுநாளு."

அவள் காகிதத்தை விடவில்லை.

"தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"கம்பி போட்ட அன்னைக்கே வேதமாணிக்கம் சொல்லியாச்சு."

அப்படியானால் அந்த வியாழக்கிழமை, கழுத்தில் துணியோடு வாசலில் நின்று, யாரோ ஒரு பெரிய ஆப்பீசர் என்று சொன்னபோதும் அவளுக்குத் தெரியும். நயினாருக்குப் பயறு வாய்க்குள் திரும்ப வந்ததுபோல இருந்தது.

"பெறவு ஏன் எங்கிட்ட வந்து அப்படிக் கேட்ட?"

"நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தேன்." காற்று ஒரு வீச்சு வீசியது; அவள் மறுகையையும் வைத்து அழுத்தினாள். "மை காயுது ஏமானே."

ஒற்றினார். கறுப்புக்குள்ளிருந்து முத்தாரம்மாள் எழுத்து எழுத்தாக வெளியே வந்தாள். காகிதத்தை உரித்துக் காயப்போட்டுவிட்டு, மைப்பெட்டியை மடியில் வைத்து, புதுக் கல்லின் பாரத்தை எழுதினார். வயது: பன்னிரண்டு நாள். அனுமதி: பெறவில்லை. ஏழாவது கட்டத்தில் உண்டு என்று எழுதினார். பிறகு பழைய பாரத்தை விரித்தார். தன் எழுத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பேனா இரண்டு தடவை காய்ந்தது, இரண்டு தடவை தோய்த்தார். கடைசியில் இல்லை என்பதன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி எழுதினார்: உண்டு. முன்பும் உண்டு. எனக்கு அப்போதே தெரியும். கீழே கையெழுத்தும் தேதியும்.

"என்ன எழுதினிய?" என்றாள் பொன்னம்மை. அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"உண்டுன்னு."

அவள் சாய்ந்த தலையோடு அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். எதிரே கம்பிக்குள் நின்ற கல்லைப் பார்த்தாள். அதன்மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"அதுக்கா இம்பிட்டு நேரம்?" என்று கேட்டுவிட்டு, சரோஜம் திரும்ப ஏற்றிக்கொண்ட கட்டு தலையில் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, சந்தைக்கு நடந்தாள்.